செல்வி தொடக் கூடாது

1

கோபம் ஆறிய பிறகு எழுது என்கிறார் என் வீட்டுக்காரர். ஆறிய பிறகு எனக்கு எழுதத் தோன்றாது. ஆகவே சூட்டோடு எழுதுகிறேன். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் ஒருதடவையாவது இந்தத் தீவுக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி அந்தமானுக்குக் கப்பலேறி இந்த மாதத்தோடு இருபத்தெட்டு வருடம். போர்ட் பிளேயரில் குட்வில் எஸ்டேட்டில் குடியிருக்கிறோம். (ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். பஸ் கண்டக்டர் இன்னும் மாற்றவில்லை, நானும்தான்.) அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். லீவுக்குக் கோவில்பட்டி போனால் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகளை அப்படியே தருகிறேன்: அங்கே கரண்ட் இருக்கா? அரிசி கிடைக்குமா? காட்டுவாசிகள் அம்பு விடுவாங்களா? இருபத்தெட்டு வருடமாக ஒரே கேள்வி. பதிலைக் காதில் வாங்கியிருந்தால் இரண்டாவது தடவை கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஒரே அண்ணன், சுந்தரம். ஐந்து வயது மூத்தவன். அவனும் இங்கே வந்ததே இல்லை. "அம்புட்டுத் தண்ணியத் தாண்டி யாரு வாரது" என்பான், ஏதோ நான் நீந்தி வந்தவள் மாதிரி. அவன் இந்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வந்தது.

"ஏ பிள்ள, கப்பல் டிக்கெட் போட்டுட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சென்னையில ஏறுதேன், திங்கக்கிழமை அங்கன இருப்பேன். பலகாரம் கிலகாரம்னு ஒண்ணும் செய்யாத. அந்தப் பெட்டியில நாயனம் ரெக்கார்டு இருக்குல்லா, அதை மட்டும் ஒரு தடவை கேக்கணும்."

நான் அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். முதலில் வந்தது ஆத்திரம். தங்கச்சியைப் பார்க்கணும் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

2

பெட்டி என்றால் ரெக்கார்டுப் பெட்டி. முப்பத்தொரு இசைத்தட்டுகள். அப்பா தீப்பெட்டி ஆபீசில் எழுத்து வேலை பார்த்தார். அவர் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் ஒரு ரெக்கார்டு பிளேயர். அதற்கு முதலில் வாங்கிய தட்டு நாகஸ்வர மங்கள இசை. வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் அதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பே பற்றவைப்பார்கள்.

அந்தத் தட்டில் ஒரு கீறல் உண்டு. தவில் ஒரு உருட்டு உருட்டி நாயனம் மேலே ஏறப்போகிற இடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். யாராவது எழுந்து போய்த் தூக்கிவிடுகிற வரைக்கும் அந்த உருட்டே திரும்பத் திரும்ப வரும். எனக்குப் பத்து வயதில் விழுந்த கீறல். அண்ணன் கீறினான். அதற்கு அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கினான். அடி வாங்கிய மறுநாள் தட்டின் நடுவில் இருக்கிற வட்டக் காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'செல்வி தொடக் கூடாது' என்று எழுதிவைத்தான். செல்வி நான்தான்.

என் கல்யாணத்துக்குச் சொந்தமெல்லாம் குத்துவிளக்கும் குடமும் வைத்தார்கள். இவன் பெட்டியையும் பிளேயரையும் வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

சென்னைத் துறைமுகத்தில் என்னை ஏற்றிவிட வந்தபோது அவன் ஒரு கையில் அந்தப் பெட்டி. இன்னொரு கையில் ஒரு காகிதம். ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதற்கான சான்று. தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து அவனே வாங்கியது. "இது இருந்தாத்தான் அங்கன கார்டு தருவான்" என்று நீட்டினான். கல்யாணமாகி ஒன்பது நாள்கூட ஆகவில்லை. அத்தனை சுறுசுறுப்பு!

அந்தக் காகிதத்தை இங்கே எத்தனை ஆபீசில் காட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை. போன வருடம்கூடத் தீவுவாசி அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "மெயின்லேண்ட்?" என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் மெயின்லேண்ட் ரேஷன் கார்டு எங்கே என்றார். அதில் பெயர் இல்லை என்பதற்குத்தான் இந்தச் சான்று என்றேன். தமிழில் இருக்கிறதே, யார் படிப்பது என்றார். நான் படிக்கிறேன் என்றேன். நீங்கள் படித்தால் செல்லாது என்றார். கோபம் வந்தால் என் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழாகிவிடும். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்ப மூன்று நாள் போனேன்.

3

இங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மழை. செருப்பு, பெல்ட், பட்டுப்புடவை, சர்டிபிகேட், எதை வைத்தாலும் பத்தாவது நாள் வெள்ளையாய்ப் பூத்துவிடும். அதற்குத் தீவில் எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு, நாற்பது வாட். இரவும் பகலும் எரிய வேண்டும். அந்தச் சூட்டில் பூஞ்சணம் வராது.

பிளேயர் மூன்றாம் வருடமே ரப்பர் பட்டை கூழாகிச் செத்துப்போனது. பழுது பார்க்க ஆளில்லை. ஆனால் ரெக்கார்டுப் பெட்டியை மட்டும் நான் விடவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் பெட்டி, அதற்குப் பக்கத்தில் பல்பு. அண்ணனுக்கு எழுதிய முதல் கடிதங்களில் ஒன்றில் நான் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறது: 'உன் பெட்டிக்கு இருபத்து நாலு மணி நேரமும் விளக்கு எரியுது, கோயில்ல கூட அப்படி எரியாது.' பிறகு எல்.இ.டி. வந்து குண்டு பல்பு கிடைக்காமல் போனபோது அவனைத்தான் கேட்டேன். பழைய கடைகளில் தேடித் தேடி டஜன் கணக்கில் பார்சல் அனுப்பினான். நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்த வருடங்களிலும் பல்பு வந்தது.

பேசிக்கொள்ளாததற்குக் காரணம் அப்பா. அவர் போனபோது இங்கே புயல் எச்சரிக்கை. கப்பல் கிளம்பவில்லை, விமானமும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தது ஆறாம் நாள். வாசலில் நின்ற அண்ணன், "எல்லாம் முடிஞ்சிருச்சு. இனி என்னத்துக்கு வந்த?" என்றான். பதினேழு வருடம் ஆகிறது. இன்னும் அந்த வாக்கியம் என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. கடலைக் கேளுடா, என்னை ஏன் கேட்கிறாய் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் வெள்ளிக்கிழமை கப்பல் ஏறிவிட்டான். சனிக்கிழமை காலையில் அந்தத் தட்டைத் துடைத்து வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி இல்லை.

"தேனு!" என்று கத்தினேன். என் மகள் தேன்மொழி, வயது இருபத்திரண்டு. கூப்பிட்டதும் அவள் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, மாமா வர்றாங்கல்ல, சர்ப்ரைஸ் பண்ணலாம்னு... டாலிகஞ்ச்ல ஒரு ரெக்கார்டு ஷாப் இருக்கு. பூரா துலாயி பண்ணிக் குடுப்பான், கழுவிக் குடுப்பான். அங்கயே போட்டும் கேக்கலாம். அதான் போன வாரமே எடுத்துட்டுப் போனேன்."

"எங்கடி அது?"

"காலேஜ்ல ரெண்டு மணி நேரம் ஸ்கூட்டி தூப்ல நின்னுச்சு, நல்ல வெயில். ஷாப்ல போய்த் திறந்தா எல்லாம் தேடா ஆயிடுச்சு, வளைஞ்சு போச்சு. எனக்கு பயமா ஆயிடுச்சு. நீயே வெச்சுக்கோ, எது வேணா பண்ணிக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. தமிழ் டீச்சர் வாயில் வரக்கூடாத சொற்கள். என் அப்பன் வீட்டுச் சொத்தை ஒரு வெயிலில் நாசம் பண்ணிவிட்டாயே என்றேன். உனக்கென்ன தெரியும், உனக்கு ஊர் உண்டா, மொழி உண்டா என்றேன். அவள் ஹிந்தியில் அழுதாள். அழுகையில் ஏது மொழி என்று கேட்காதீர்கள், என் வீட்டில் உண்டு.

அண்ணனிடம் சொல்லலாம் என்றால் கப்பலில் சிக்னல் கிடையாது. திங்கட்கிழமை இறங்குவான், இறங்கியதும் கேட்பான்.

4

ஞாயிற்றுக்கிழமை காலையில், போர்ட் பிளேயரிலேயே இருக்கிற அந்த டாலிகஞ்சுக்குத் தனியாகப் போனேன். கோழிக்கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் நடுவில் ஒரு வீட்டின் முன்னறைதான் கடை. நடத்துகிறவர் தபன். வங்காளக் குடியேற்றக் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை, நாற்பது வயது இருக்கும். தமிழ் புரியும், பேச்சு கடித்துக் கடித்து வரும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவர்தான். கறுப்புத் தட்டுகள் வரிசையாய்த் தொங்கின. நடுவில் கடிகார முள். ஓரத்தில் ஆமை, டால்பின், தென்னைமரம் என்று பெயிண்ட். டூரிஸ்டுகள் வாங்கிப் போகிற கடிகாரங்கள். அதில் ஒன்றின் வட்டக் காகிதத்தில் அப்பாவின் சிவப்பு மைப் புள்ளியைப் பார்த்தேன். எங்கள் தட்டு என்று அடையாளத்துக்கு அப்பா வைக்கிற புள்ளி. அதன் மேல் ஆமை நீந்திக்கொண்டிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். என் ஹிந்தி அவ்வளவு சத்தமாக இருந்தது. திருட்டுக் கடை என்றேன், சின்னப் பெண்ணை ஏமாற்றினாய் என்றேன். போலீசுக்குப் போவேன் என்று சொல்ல நினைத்து நான் போலீஸ் ஆவேன் என்றேன்.

தபன் எதிர்த்துப் பேசவில்லை. "பைட்டியே தீதி, உக்காருங்க அக்கா" என்றார். ஒரு பாத்திரம் காயவைக்கும் கம்பித் தட்டில் கழுவிய ரெக்கார்டுகள் நின்றன. அறை முழுக்க மரப்பெட்டிகள். தெலுங்கு, மலையாளம், வங்காளம், ஹிந்தி, தமிழ் என்று பெட்டிக்கு ஒரு மொழி. மாற்றலாகி ஊர் திரும்புகிறவர்கள் கப்பல் லக்கேஜில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனவையாம் பாதி. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதியிருந்தார். 'சௌல்தாரி மாஸ்டர்', 'டாக்டர் சாப், டிரான்ஸ்ஃபர்.' விற்றுப் போகிற வரைக்கும் பெயர் இருக்கட்டும் என்று சொன்னார். ரேஷன் கார்டில் என் பெயரை அடித்த அண்ணனுக்கு இந்த புத்தி இருந்திருக்கலாம் என்று அந்தக் கோபத்திலும் நினைத்தேன்.

அவர் என் தட்டுகளில் மிச்சமிருந்தவற்றை எடுத்து என் கண் மட்டத்தில் பிடித்தார். எல்லாம் பொரித்த அப்பளமாய் வளைந்திருந்தன. எல்லாமே ஒரே பக்கம்.

"தீதி, அல்மாரியில பல்பு போட்டிருந்தீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வெயில்ல வளைஞ்சா இப்படி ஆகாது. ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழே போகும். இது வேற. தினமும் கொஞ்சம் கொஞ்சம் சூடு, ஒரே பக்கம். பத்து வருஷம், இருபது வருஷம். ஐலண்ட்ல எல்லா வீட்டிலருந்தும் எனக்கு இப்படித்தான் வருது." பிறகு மெதுவாக, "உங்க பொண்ணுகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். அது அழுதுக்கிட்டே ஓடிப்போயிடுச்சு" என்றார்.

இருபத்தெட்டு வருடம் அணையாமல் எரித்திருக்கிறேன். கரண்ட் போனால் தவித்திருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது போல மோசமானது எதுவும் இல்லை. கையில் கிடைத்த கடிகாரத்தை உடைத்திருப்பேன். அதுவும் என் அப்பாவின் தட்டுதான்.

"நாயனம் ஒண்ணு இருந்ததே" என்றேன்.

தபன் உள்ளே போய் இரண்டு ஜன்னல் கண்ணாடிகளை எடுத்துவந்தார். நடுவில் அந்தத் தட்டு. "இதுல கையால ஏதோ எழுதியிருக்கு. உங்க பொண்ணுகிட்ட என்ன எழுத்துன்னு கேட்டேன். படிக்க வரல, வாசிச்சவரோட கையெழுத்தா இருக்கும்னு சொல்லிச்சு. கையெழுத்துன்னா யாராவது தேடி வருவாங்க. அதனால இதுக்கு முள் வெக்கல. கண்ணாடிக்குள்ள வெச்சு தினமும் கொஞ்சம் தகரத்து மேல சூடு காட்டி அமுக்குறேன். முழுசா நிமிராது. ஆனா ஓடலாம்."

தமிழ் டீச்சர் மகளுக்கு மூன்று சொல் படிக்கத் தெரியவில்லை. அதற்கும் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் படிக்கத் தெரியாததால்தான் அந்தத் தட்டு தப்பித்தது.

வீட்டுக்கு வந்தேன். தேனு கண் வீங்கிப் போய் அறையில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இல்லை, பல்புதான் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு அண்ணன் கேட்டால் யாரையாவது காட்ட வேண்டும், அதற்கு அவள் இருந்தால் வசதி என்று எனக்குள் ஒருத்தி கணக்குப் போட்டாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும்.

மேலே இரண்டாம் பகுதியில் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். அண்ணன் கீறவில்லை. அவனோடு போட்ட சண்டையில் பாட்டை நிறுத்துகிறேன் என்று முக்காலி போட்டு ஏறி ஊசியைப் பிடித்து இழுத்தவள் நான். யார் என்று அப்பா கேட்டபோது அண்ணன் பக்கம் கையை நீட்டினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. இல்லாவிட்டால் யோசித்துப் பாருங்கள், அவன் கீறியிருந்தால் செல்வி தொடக் கூடாது என்று ஏன் எழுதப்போகிறான்?

5

திங்கட்கிழமை கப்பல் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. அண்ணன் நரைத்து, இளைத்து, கடல் மயக்கத்தில் தள்ளாடி இறங்கினான். ஒரு அட்டைப்பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தான்.

"குண்டு பல்பு, பிள்ள. ரெண்டு டஜன். வேட்டிக்குள்ள சுத்தி வெச்சேன், ஒண்ணுகூட உடையல" என்றான்.

அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டேன். வா என்றுகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணன், தேனு, நான் மூன்று பேரும் டாலிகஞ்ச் போனோம். வீட்டில் பிளேயர் இல்லை, கடையில் கேட்கலாம் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன். சுவரைப் பார்த்தான். அவனுக்கும் அப்பாவின் சிவப்புப் புள்ளி தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

தபன் தட்டை வைத்தார். அது ஓடும்போது ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. நாயனம் கப்பலில் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி அசைந்தது. சுருதி போனாலும் பாட்டு தெரிந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். தவில் உருட்டியது. உருட்டி முடித்து மறுபடி அதே உருட்டு. மறுபடி அதே உருட்டு.

தேனு எழுந்து நின்றாள். "மாமா, சாரி. மத்ததெல்லாம் என்னாலதான் போச்சு. நான்தான் வெயில்ல..."

"அவ இல்ல" என்றேன். "நான்தான்."

அண்ணன் கண்ணைத் திறந்தான். "எதைச் சொல்லுத? வளைஞ்சதையா, கீறுனதையா?"

"ரெண்டையும்."

தேனு புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தாள். தவில் உருட்டிக்கொண்டே இருந்தது.

"நீ அனுப்புன பல்புதான் வளைச்சுது" என்றேன். "பெட்டிக்குப் பக்கத்துல வெச்சது நான்."

"இதைச் சொல்ல உனக்கு நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சு" என்றான்.

"இங்கன வர உனக்கு இருபத்தெட்டு வருசம் ஆச்சுல்லா!" நான் கத்தியதில் கோழிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்பா செத்தன்னிக்கு இந்தக் கரையில நின்னு, கப்பலு எப்பக் கப்பலு எப்பன்னு நான் கேட்டுக்கிட்டு நின்னது உனக்குத் தெரியுமா? மூணு நாளு எறங்காம வந்தியே, இப்பத் தெரியுதா எம்புட்டுத் தண்ணின்னு?"

"தெரியுது" என்றான் அண்ணன். "அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, பிள்ள."

என் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பதினேழு வருடக் கோபம் ஒரு வாக்கியத்தில் போகாது. இதை எழுதும்போதுகூட அவன் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான், அதற்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "சலோ, டீக் ஹை, பரவாயில்ல" என்றாள். பீரோ பல்பை அணைத்துவிட்டேன்.

ஆனால் அந்தக் கடையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஊசி அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தூக்கிவிடுவதற்காகத் தபன் கையைக் கொண்டுபோனார். அண்ணன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"இருங்க. செல்வி எடுக்கட்டும்" என்றான்.

நான் எழுந்து போனேன்.